ஜமால் ஹம்தான் (1928–1993): எகிப்தின் நிலத்தையும் நீரையும் எழுதியவர் – விவாத இழை

மருதன் எழுதியது:

எகிப்தியப் புவியியலாளரும் மானிடவியல் எழுத்தாளருமான ஜமால் ஹம்தானின் வாழ்வையும் ஆய்வையும் பொறுமையாகப் பேச வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அரபு நாடுகளில் அவர் பெயரைச் சொன்னவுடன் பலரும் முதலில் நினைவுகூர்வது அவருடைய தனிமை வாழ்வையும் எதிர்பாராத இறப்பையும்தான். அவையும் பேசப்பட வேண்டியவையே. ஆனால் ஒரே நாட்டைப் பற்றி ஏறத்தாழ 4,000 பக்கங்கள் எழுதிய ஒருவரை அவர் இறந்த விதத்திலிருந்து படிக்கத் தொடங்கினால், அவர் எழுதியதில் பாதி நம் கண்ணில் படாமலே போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

அவர் 1928 பிப்ரவரி 4 அன்று, நைல் கழிமுகத்தின் தென்முனையை ஒட்டிய கல்யூபியா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விநிலையமான அல்-அஸ்ஹரில் பயின்று, கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் அரபு மொழி கற்பித்தவர். பிள்ளைகள் அனைவரையும் குர்ஆனை மனனம் செய்ய வைத்தவர். பிற்காலத்தில் ஹம்தானின் உரைநடையில் காணப்படும் அடுக்குச் சொற்களுக்கும் ஓசை ஒழுங்குக்கும் அந்தப் பயிற்சியே வித்தாக இருந்திருக்க வேண்டும். கெய்ரோவில் அப்போது முதலாம் ஃபுவாத் பல்கலைக்கழகம் எனப்பட்ட இடத்தில் 1948இல் பட்டம் பெற்று, பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டு, 1953இல் ரெடிங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நைல் நடுக் கழிமுகத்தின் மக்கள்தொகை அன்றும் இன்றும் எப்படி அமைந்தது என்பதே ஆய்வுப் பொருள். தாயகம் திரும்பிக் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். நகரங்களின் புவியியல் முதலிய நூல்களுக்காக 1959இல் அரசின் ஊக்கப் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 31. நான்கு ஆண்டுகளில், பதவி உயர்வில் தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று கருதி, 1963இல் பணியைத் துறந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகள் எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியே வாழ்ந்து எழுதினார்.

அவருடைய பெருநூல் ‘எகிப்தின் ஆளுமை: இடத்தின் மேதைமை பற்றிய ஆய்வு’. 1967இல் முந்நூறு பக்க அளவில் சிறு நூலாக வந்தது, 1970இல் விரிவடைந்தது, 1980 முதல் 1984 வரை நான்கு பெருந்தொகுதிகளாக முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. அதன் அச்சாணியாக இரண்டு கருத்துகள் உள்ளன. ஒன்று தலம், அதாவது பள்ளத்தாக்கு, கழிமுகம், மண், நீர், அவற்றைச் சூழ்ந்த பாலை ஆகிய உள்ளமைப்பு. மற்றொன்று அமைவிடம், அதாவது ஆசியாவும் ஆப்பிரிக்காவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், இரு கடல்களுக்கு நடுவே அந்த நாடு வீற்றிருக்கும் நிலை. தலம் மக்களை ஒதுக்கி வைத்து ஒன்றாக்குகிறது, அமைவிடம் உலகை அவர்கள் வாசலுக்கு அழைத்து வருகிறது. இவ்விரண்டின் இழுபறியில்தான் எகிப்தின் வரலாறு நடக்கிறது என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தில் எது இன்றும் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதே நான் இங்கு வைக்கும் கேள்வி.

———

நீரோட்டம் எழுதியது:

பாசனப் பொறியியலில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஹம்தான் பேசும் ‘தலம்’ என்பதிலிருந்தே தொடங்குகிறேன். வறண்ட நிலங்களில் நிலப் பயன்பாட்டின் வரலாறு பற்றி யுனெஸ்கோ 1961இல் வெளியிட்ட தொகுப்பில், எகிப்தின் பாசன வேளாண்மை எவ்வாறு வளர்ந்தது என்று அவர் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியுள்ளார். அவருடைய பெருநூலை எட்ட முடியாதவர்களும் படிக்கக்கூடிய எழுத்து அது. அவர் சிந்தனையின் அடித்தளமும் அதிலேயே தெரிகிறது.

பழைய முறை கிடைப் பாசனம். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் கோடைமழையால் நைல் பெருகி, செப்டம்பர் வாக்கில் உச்சத்தை எட்டும். பள்ளத்தாக்கை ஆற்றுக்கு இணையாகவும் குறுக்காகவும் செல்லும் கரைகளால் பெரிய பெரிய பாத்திகளாகப் பிரித்து, வெள்ளத்தை அவற்றுக்குள் விட்டு, நாற்பது முதல் அறுபது நாள் வரை ஆளுயரத் தண்ணீரைத் தேக்கி நிறுத்துவார்கள். வண்டல் படிந்தபின் நீரை வடித்துவிட்டு, ஈரமண்ணில் கோதுமை, வாற்கோதுமை, அவரைவகை, தீவனப்புல் ஆகியவற்றை விதைப்பார்கள். நிலத்துக்கு உரமும் வேண்டாம், உப்பைக் கழுவத் தனி வடிகாலும் வேண்டாம், ஏனெனில் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளமே இரண்டையும் செய்துவிடும். ஆனால் ஒரு பாத்தியின் கரை உடைந்தால் கீழுள்ள அனைத்தும் அழியும், மேலுள்ளவர் நீரைப் பிடித்து வைத்தால் கீழுள்ளவர் பட்டினி கிடப்பார். எனவே நீரைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் அனைவருக்கும் பொதுவான ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட முகமது அலி பருத்திக்காகக் கோடையிலும் நீர் வேண்டும் என்று ஆழமான கால்வாய்களை வெட்டினார். அவற்றில் ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்ற உழவர்களைக் கட்டாய உழைப்புக்கு இழுத்து வந்தார்கள். பிறகு கழிமுகத்தின் தலைப்பில், ஆற்றின் இரு கிளைகளுக்கும் குறுக்கே கதவணைகள் எழுந்தன. 1861இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைகள் விரிசல் கண்டு, போதிய நீரைத் தேக்க இயலாமல் நின்றன. 1880களில் அவற்றைச் செப்பனிட்டவர்கள், இந்தியப் பாசனத் துறையில் பயின்ற பிரிட்டிஷ் பொறியாளர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஸ்காட்-மான்கிரீஃப் இந்தியாவிலிருந்தே அங்கு சென்றவர், அவருடன் பணியாற்றிய வில்லியம் வில்காக்ஸ் இந்தியாவில் பிறந்தவர். ஹம்தான் பிறந்த மாகாணத்திலேயே அந்தக் கதவணைகள் உள்ளன என்பதைக் கவனியுங்கள்.

1902இல் அஸ்வானில் முதல் அணை, 1912இலும் 1933இலும் அதன் உயரம் கூட்டப்பட்டது, 1960இல் தொடங்கி 1970இல் நிறைவுற்றது உயர் அணை. அத்துடன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கிடைப் பாசனம் முடிவுக்கு வந்தது. இந்த மாற்றங்களை ஹம்தான் பொறியியல் சாதனைகளாக மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் யார் உழைத்தார், யார் பயன்பெற்றார், மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து கேட்கிறார். எங்கள் துறையில் பலர் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

———

பொன்னி எழுதியது:

மருதன் ஐயாவுக்கும் நீரோட்டம் ஐயாவுக்கும் வணக்கம். மானிடவியல் படிக்கும் மாணவி என்ற முறையில் என் தயக்கத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

நீர்ப் பங்கீட்டுக்குப் பொதுவான அதிகாரம் தேவை என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து எகிப்தில் ஏன் எப்போதும் ஒரே மனிதரின் ஆட்சி நிலைக்கிறது என்ற முடிவுக்கு ஹம்தான் தாவும்போது எனக்கு ஐயம் எழுகிறது. ஆற்றுச் சமூகத்தில் ஓர் எழுதப்படாத ஒப்பந்தம் உண்டு, மக்கள் நிலத்தையும் உழைப்பையும் கொடுக்க அரசன் நீரைக் கொடுக்கிறான், எனவே அரசன் இரண்டாவது நைலாகிவிடுகிறான் என்ற போக்கில் அவர் வாதிடுகிறார். பெரிய பாசன அமைப்புகளை நடத்த வேண்டிய தேவையே கொடுங்கோல் ஆட்சியை உருவாக்குகிறது என்று கார்ல் விட்ஃபோகல் 1957இல் முன்வைத்த நீர்சார் கொடுங்கோன்மைக் கோட்பாட்டுக்கு இது மிக அருகில் வருகிறது. அந்தக் கோட்பாட்டின் மீது தொல்லியலாளர்கள் வைத்த மறுப்பு கடுமையானது. பண்டைய எகிப்தில் பாத்திகளையும் கரைகளையும் பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளே நிர்வகித்தன, அன்றாடப் பாசனத்தைத் தலைநகரிலிருந்து இயக்கியதற்குச் சான்று மிகக் குறைவு என்று 1970களில் கார்ல் பட்சர் போன்றோர் காட்டினார்கள். அப்படியானால் பேரரசு ஆற்றிலிருந்து தானாக முளைத்தது என்று எவ்வாறு சொல்ல முடியும்?

இரண்டாவதாக, எகிப்திய மக்களின் ஒருமைத்தன்மையை அவர் வலியுறுத்தும் அளவு என்னை நெருடுகிறது. உயர் அணைக்காக எகிப்தியப் பகுதியில் மட்டும் தெற்கு எல்லையில் தனி மொழியுடன் வாழ்ந்த நூபியர்கள் ஏறத்தாழ 50,000 பேர் தம் ஊர்களை விட்டுக் கோம் ஓம்போ பக்கம் குடியேற்றப்பட்டார்கள். நாடு முழுவதும் ஒரே உடல், ஒரே முகம் என்று எழுதும் நூலில் அந்த மக்களின் மொழிக்கும் இழப்புக்கும் எவ்வளவு இடம் இருக்க முடியும்? ஒருமை என்பது பள்ளத்தாக்கின் நடுவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் காட்சி. விளிம்பில் நிற்பவருக்கு அது வேறாகத் தெரியும்.

———

மருதன் எழுதியது:

பொன்னி, நூபியர் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஹம்தானின் ஒருமைக் கருத்து அவருடைய நூலின் வலுவான பகுதி அன்று என்பதே என் எண்ணமும். ஆனால் நியதிவாதக் குற்றச்சாட்டை, அதாவது நிலமே மனிதனின் விதியைத் தீர்மானிக்கிறது என்று அவர் சொல்கிறார் என்பதை, அப்படியே ஏற்க இயலவில்லை.

ஒரு நாட்டுக்கு ‘ஆளுமை’ உண்டு என்ற பேச்சு ஹம்தானுடன் தொடங்கியதன்று. பிரெஞ்சுப் புவியியலாளர் விதால் தெ லா பிளாஷ் 1903இல் பிரான்சைப் பற்றி எழுதிய நூலில் அந்நாட்டின் புவியியல் ஆளுமையைப் பேசினார். சிரில் ஃபாக்ஸ் 1932இல் பிரிட்டனின் ஆளுமையை எழுதினார். அந்த மரபில் நிலம் ஒரு வாய்ப்பை மட்டுமே தருகிறது, அதைப் பயன்படுத்துவதும் பாழாக்குவதும் மனிதர் கையில் இருக்கின்றன. ஹம்தான் கொடுங்கோன்மையை விவரிப்பது அதை நியாயப்படுத்துவதற்காக அன்று. ஃபாரோ என்ற பண்டைய மன்னன் மறைந்தும் ஃபாரோத்தனம் மறையவில்லை, ஆட்சியாளரின் பட்டம் மட்டுமே மாறியிருக்கிறது என்று அவர் வருந்துகிறார். மக்களாட்சி இல்லாமல் எகிப்துக்கு மீட்சி இல்லை என்பதே நூலின் அரசியல் முடிவு. ஆறு எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது என்று நம்பும் ஒருவருக்கு மக்களாட்சியைக் கோர வேண்டிய தேவையே இருந்திருக்காது. பட்சரின் சான்றுகள் அவருடைய வரலாற்று விளக்கத்தைத் தளர்த்துகின்றன என்பது உண்மை. அவருடைய அரசியல் கோரிக்கை அதனால் தளரவில்லை.

எகிப்தின் பரிமாணங்கள் பற்றிய பகுதியையும் இங்கே நினைவூட்டுகிறேன். 1938இல் எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைன், எகிப்தின் மனம் மத்தியதரைக் கடலுக்கு உரியது என்று வாதிட்டார். ஹம்தான் ஒற்றைத் திசையை மறுத்து, ஆசிய, ஆப்பிரிக்க, நைல், மத்தியதரைக் கடல் என நான்கு பரிமாணங்களை வைக்கிறார். அரபுத் தன்மையை அந்த நான்குடன் ஐந்தாவதாகச் சேர்க்காமல், அவற்றின் உள்ளடக்கமாகவே கருதுகிறார். ஒரு நாடு ஒரே நேரத்தில் பல திசைகளில் திறந்திருக்க முடியும் என்ற இந்தப் பார்வையை நியதிவாதம் என்று அழைப்பது பொருந்தாது.

———

கல்மேடு எழுதியது:

தலத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அமைவிடம் பற்றிய அவர் விளக்கம்தான் என்னை மிகவும் ஈர்த்தது, ஏனெனில் அது காலத்தோடு மாறக்கூடியது. தலம் ஏறத்தாழ நிலையாக இருக்க, அமைவிடத்தின் மதிப்பு உலக வழித்தடங்களுக்கேற்ப ஏறியும் இறங்கியும் வந்துள்ளது.

ரோமர் காலத்தில் செங்கடல் துறைமுகங்கள் இந்தியப் பெருங்கடல் வணிகத்தால் செழித்தன. எகிப்தின் குசைர் அல்-கதீம், பெரெனிகே ஆகிய இடங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்திருப்பது அந்த வணிகத்தின் தடயம். ஒட்டோமானியருக்கு முன் எகிப்தை ஆண்ட மம்லுக்குகளின் காலத்தில் மிளகும் பிற நறுமணப் பொருள்களும் செங்கடல் வழியே வந்து, கெய்ரோவையும் அலெக்சாந்திரியாவையும் கடந்து வெனிசுக்குச் சென்றன. அந்த இடைத்தரகு வருவாயே அரசின் பெரும் பலம். 1498இல் வாஸ்கோ ட காமா நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கோழிக்கோட்டை அடைந்ததும் அந்தப் பலம் ஆட்டம் கண்டது. 1509இல் தியூ அருகே மம்லுக் கப்பற்படை போர்ச்சுக்கீசியரிடம் தோற்றது. 1517இல் கெய்ரோ ஒட்டோமானியர் கைக்குப் போனது. நிலம் அப்படியே இருந்தது, ஆறும் அப்படியே ஓடியது, ஆனால் நாடு உலகின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது பாதை மீண்டும் எகிப்துக்குத் திரும்பியது. ஆனால் அதே அமைவிடம் இந்தியாவுக்குச் செல்லும் வழியைக் காக்க விரும்பிய பிரிட்டனையும் அழைத்து வந்தது, 1882இல் நாடே ஆக்கிரமிக்கப்பட்டது.

அமைவிடம் செல்வத்தையும் தரும், அடிமைத்தனத்தையும் தரும் என்று ஹம்தான் சொல்வதன் பொருள் இதுதான். 1956இல் கால்வாய் நாட்டுடைமையானதும், 1967 முதல் 1975 வரை அது மூடிக் கிடந்ததும் அவர் கண்ணெதிரே நடந்தவை. கால்வாயைப் பற்றி 1975இல் அவர் தனி நூலே எழுதினார். அந்த எட்டு ஆண்டுகளில் எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லப் பழகி, அதற்கேற்ப உருவத்தில் பெருத்துவிட்டன. எனவே கால்வாயை ஆழப்படுத்தாவிட்டால் திறந்தும் முழுப் பயன் கிட்டாது என்ற நிலை வந்தது. அமைவிடம் இயற்கை தந்த நிரந்தரச் சொத்து அன்று, தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் அதை மீண்டும் உழைத்துப் பெற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

———

பொன்னி எழுதியது:

கல்மேடு ஐயா, அமைவிடம் பற்றிய விளக்கம் எனக்கு மிகவும் தெளிவாக இருந்தது, நன்றி. இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத நூலைப் பற்றிக் கேட்க வேண்டும். 1967இல் வெளிவந்த ‘யூதர்கள்: மானிடவியல் நோக்கில்’ என்ற நூலைத்தான் சொல்கிறேன். அவரை மானிடவியலாளர் என்று பலர் அழைப்பதற்கு முதன்மையான காரணம் அந்த நூல். என் மதிப்பீட்டில் அவர் எழுதியவற்றுள் மிகவும் பலவீனமானதும் அதுவே.

இன்றைய யூதர்களில் மிகப் பெரும்பான்மையோர் பழைய பாலஸ்தீனத்து இஸ்ரவேலரின் வழித்தோன்றல்கள் அல்லர், மதம் மாறிய ஐரோப்பியரும், காஸ்பியன் கடலுக்கு வடக்கே வாழ்ந்த துருக்கிய இனத்தவரான காசர் மக்களும் கலந்து உருவானவர்கள் என்பது அதன் வாதம். தலையின் அளவு, நிறம், மூக்கின் வடிவம் போன்ற உடலளவைகளைச் சான்றாகக் கொள்ளும் பழைய உடல்சார் மானிடவியலே அதன் கருவி. அந்தக் கருவியை என் துறை கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2010இலும் 2013இலும் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வுகள், ஐரோப்பிய யூதர்களிடம் மத்திய கிழக்கு மூதாதையர் பங்கு கணிசமாக இருப்பதையும், காசர் தோற்றத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்பதையும் காட்டின. மாற்றுக் கருத்து சொன்ன ஆய்வாளர் ஒருவரும் உண்டு என்றாலும், துறையின் பெரும்பான்மை அவரை ஏற்கவில்லை.

உண்மைப் பிழையைவிட என்னை வருத்துவது வாதத்தின் அமைப்பு. ஒரு நிலத்தின் மீது மக்களுக்குள்ள உரிமை அவர்களுடைய ரத்த வழியால் தீர்மானிக்கப்படும் என்ற முன்முடிவை ஹம்தான் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, எதிர்த்தரப்பின் ரத்த வழி பொய் என்று நிறுவ முயல்கிறார். பாலஸ்தீனர்களின் உரிமை அவர்கள் அங்கு வாழ்ந்ததிலும் உழுததிலும் வெளியேற்றப்பட்டதிலும் இருக்கிறது. வேறொருவரின் மண்டையோட்டு அளவு எப்படி மாறினாலும் அந்த உரிமை கூடவோ குறையவோ போவதில்லை.

———

மருதன் எழுதியது:

பொன்னி, நீங்கள் கடைசியாகச் சொன்ன பத்தியை முழுமனத்துடன் ஏற்கிறேன். அந்த நூல் எகிப்திய அறிஞர் அப்துல் வஹாப் அல்மஸீரியின் முன்னுரையுடன் பின்னாளில் மறுபதிப்புக் கண்டு, இன்றும் அரபு வாசகர்களிடையே பரவலாகப் படிக்கப்படுகிறது. அதனாலேயே இந்த விமர்சனம் தேவைப்படுகிறது.

அந்த நூல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எகிப்தில் புவியியல் கல்வியும் உடல்சார் மானிடவியலும் ஒரே துறைக்குள் வளர்ந்தவை. அப்பாஸ் அம்மார் 1944இல் ஷர்கியா மாகாண மக்களைப் பற்றி எழுதிய ஆய்வு, அவர்களின் வரலாற்றுடன் உடலளவைகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. சுலைமான் ஹுசய்யின் தொல்பழங்கால எகிப்தை எழுதும்போதும் இனம், நிலம், பண்பாடு ஆகிய மூன்றும் ஒரே வரைபடத்தில் வந்தன. ஹம்தான் அந்தப் பட்டறையில் பயின்றவர். 1963க்குப் பின் வகுப்பறையும் மாணவர்களும் சக ஆய்வாளர்களும் இல்லாமல் போனதால், துறை எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவரிடம் எதிர்வாதம் செய்ய ஆளில்லை. தனிமை அவருக்கு நான்கு தொகுதிகளை எழுதும் காலத்தைக் கொடுத்தது. எகிப்தின் நிலவடிவங்களைப் பற்றி எழுதும்போது அவர் முன் வரைபடங்களும் அளவைத் தரவுகளும் குவிந்து கிடந்தன, அவை அவரைத் திருத்தின. மக்கள் தோற்றத்தைப் பற்றி எழுதும்போது அவரைத் திருத்த நூலகத்தின் பழைய ஏடுகள் போதவில்லை.

———

இளவேனில் எழுதியது:

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவர் இறப்பைப் பற்றி யாரும் விளக்கவில்லையே. இஸ்ரேலிய உளவு அமைப்பு அவரைக் கொன்றதாகவும், யூதர்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப்படி காணாமல் போனதாகவும் பல காணொளிகளில் உறுதியாகச் சொல்கிறார்கள். அது உண்மையா?

———

மருதன் எழுதியது:

இளவேனில், நிறுவப்பட்டவை இவை. 1993 ஏப்ரலில், கெய்ரோவை ஒட்டிய கீஸாவின் தொக்கிப் பகுதியில் அவர் தனியே வாழ்ந்த வீட்டில் தீப்பிடித்து, அவர் உடல் தீக்காயங்களுடன் கண்டெடுக்கப்பட்டது. சமையல் எரிவாயுக் கசிவே காரணம் என்பது அரசு தந்த விளக்கம். உறவினர்களும் எழுத்தாளர் சிலரும் அதை ஏற்காமல், கையெழுத்துப்படிகள் மறைந்தன என்றும் கொலை என்றும் இன்றுவரை சொல்லி வருகிறார்கள். கொலை என்பதற்கு நீதிமன்றத்திலோ ஆவணத்திலோ நிற்கத்தக்க சான்று வெளிவரவில்லை. எனவே ‘உறுதியாகச்’ சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். அவருக்கு 1986இல் எகிப்து அரசின் உயர் மதிப்புப் பரிசு அளிக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒதுங்கி வாழ்ந்தாரே தவிர, அறியப்படாமல் வாழவில்லை.

———

நீரோட்டம் எழுதியது:

இறப்பிலிருந்து மீண்டும் எழுத்துக்கு வருவோம். ஹம்தானின் பெருநூலில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, உயர் அணைக்குப் பிந்தைய மண்ணைப் பற்றிய எச்சரிக்கை.

எகிப்தின் பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் மக்கள் வாழ்ந்து பயிர் செய்யும் பகுதி நூற்றுக்கு நான்கு அளவே. உயர் அணை எழும் வரை ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் அந்தச் சிறு பரப்பில் புது வண்டலைக் கொண்டுவந்து சேர்த்தது. கழிமுகத்தின் கடற்கரையை அலைகள் அரித்தாலும் ஆறு மீண்டும் நிரப்பியது. அணை எழுந்தபின் வண்டல், அதன் நீர்த்தேக்கமான நாசர் ஏரியின் அடியில் தங்கிவிடுகிறது. ஆகவே வரலாற்றில் முதல்முறையாக எகிப்தின் வேளாண்மண் இனி கூடாத, குறைய மட்டுமே கூடிய ஒன்றாகிவிட்டது என்று ஹம்தான் எழுதினார். அதே காலத்தில் செங்கல் சூளைகளுக்காக வயல்களின் மேல்மண் சுரண்டப்பட்டதையும், கெய்ரோவும் ஊர்களும் வயல்களின் மீதே பரவியதையும் கண்டு அவர் கொதித்துப் போனார். நூலில் அறிவியலாளரின் நிதானம் குலைந்து கோபம் வெளிப்படும் இடங்கள் இவையே. அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது என்பேன். பாலையில் ஊர் கட்டலாம், பாலையில் வண்டலை உண்டாக்க முடியாது.

உயர் அணையால் பயனே இல்லை என்பதும் சரியன்று. 1959 உடன்பாட்டின்படி சராசரி ஆண்டு வரத்தான 84 பில்லியன் கன மீட்டரில் எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5 என்று பங்கிட முடிந்ததற்கே அந்த அணை காரணம். 1980களில் எத்தியோப்பியாவில் வறட்சி நீடித்தபோது எகிப்து பஞ்சமின்றித் தப்பியதும் ஏரியில் இருந்த சேமிப்பால்தான். ஆனால் நிரந்தரப் பாசனத்துடன் நிலத்தடி நீர் உயர்ந்தது, உப்பு ஏறியது, தேங்கிய கால்வாய்களில் நத்தைகள் பெருகி, அவற்றின் வழியே பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பரவியது. இந்த வரவு செலவு இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் துணிவு ஹம்தானிடம் இருந்தது.

———

கல்மேடு எழுதியது:

நீரோட்டம் ஐயா மண்ணைச் சொன்னார், நான் சினாயைச் சொல்லி முடிக்கிறேன். சினாய் வெறும் மணல்வெளி என்ற எண்ணத்தை ஹம்தான் கடுமையாக மறுத்தார். கிழக்கே எல்லையை ஒட்டி ஒரு பாதுகாப்புக் கோடு, நடுவே கிதி, மித்லா கணவாய்களை ஒட்டி ஒரு கோடு, மேற்கே கால்வாயை ஒட்டிக் கடைசிக் கோடு என மூன்றாக அந்தத் தீபகற்பத்தைப் படித்தார். பாலஸ்தீனத்தைப் பிடித்திருப்பவர் முதல் கோட்டை அச்சுறுத்துகிறார், நடுக்கோட்டைப் பிடித்தவர் சினாயை ஆள்கிறார், சினாயை ஆள்பவர் கடைசிக் கோட்டைத் தம் பிடிக்குள் வைத்திருக்கிறார், கடைசிக் கோட்டைப் பிடித்தவர் பள்ளத்தாக்கையே அச்சுறுத்துகிறார் என்று படிப்படியாக அந்த வாதம் செல்கிறது. 1919இல் பிரிட்டிஷ் புவியியலாளர் மக்கிண்டர் யூரேசியாவின் இதயநிலத்தைப் பற்றிச் சொன்ன வாக்கிய அமைப்பு இதில் எதிரொலிக்கிறது. ஆனால் மக்கிண்டர் ஒரு பேரரசின் பார்வையில் சொன்னதை, ஹம்தான் படையெடுப்புக்கு உள்ளான நாட்டின் பார்வையில் திருப்பிச் சொல்கிறார். 1979 அமைதி உடன்படிக்கை சினாயைப் படைக் கட்டுப்பாட்டு மண்டலங்களாகப் பிரித்ததை, இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவருக்கு ஏன் அந்த அமைதியில் நம்பிக்கை ஏற்படவில்லை என்பது புரியும். சினாய்க்குப் படைகள் மட்டும் போதாது, அங்கு மக்கள் குடியேற வேண்டும், நீரும் தொழிலும் போய்ச் சேர வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

———

இளவேனில் எழுதியது:

அரபு மொழி தெரியாத என் போன்றவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

———

மருதன் எழுதியது:

நீரோட்டம் ஐயா முதலில் குறிப்பிட்ட 1961ஆம் ஆண்டின் பாசனக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள், அது ஆங்கிலத்தில் உள்ளது. அடுத்து, புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் அரசியல் வரைபடம் பற்றி 1963இலும், அவற்றின் தலைநகரங்கள் பற்றி 1964இலும் அமெரிக்கப் புவியியல் ஆய்விதழ்களில் அவர் எழுதிய இரு கட்டுரைகளைப் படியுங்கள். குடியேற்ற ஆட்சியாளர்கள் கடற்கரையில் தங்கள் ஏற்றுமதிக்கு வசதியாக அமைத்த துறைமுகங்களே விடுதலைக்குப் பின்னும் தலைநகரங்களாக நீடித்தால், அந்த நாடுகளின் உட்பகுதிகள் என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகள் அங்கே எழுகின்றன. இந்த எழுத்துகளில் எகிப்தின் ஆளுமை பற்றிய உணர்ச்சிப் பெருக்கு இல்லை, தலமும் அமைவிடமும் ஒரு கருவியாக எவ்வாறு வேலை செய்கின்றன என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். இதைப் படித்த பிறகு, பொன்னி சுட்டிய நூலை யாராவது மொழிபெயர்ப்பில் தேடிப் படித்தால், எந்த இடத்தில் அந்தக் கருவியை அவர் கீழே வைத்துவிட்டார் என்பதை அவரவரே கண்டுகொள்ளலாம். 1963 கட்டுரையை முதலில் படிப்பவர்கள் தங்கள் குறிப்புகளை இங்கேயே பதியுங்கள், அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.